திரும்ப வேண்டிய இடம்

மேலப்பாளையத்தில் லாத்தாவின் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற பெண் ஒருநாள் வாசலில் நின்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

"அரைக் கிலோ சாளை வேணும்னு சொல்லுதாவ. சரின்னு கூடையை இறக்குனா, 'நான் என்ன கேட்டேன், திருப்பிச் சொல்லு'ங்காவ. நான் மீன் விக்க வந்தனா, பரீட்சை எழுத வந்தனா அண்ணாச்சி?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "போன வாரம் சாளை கேட்டதுக்கு நீ அயிலையைப் போட்டுட்டுப் போயிட்டேலா."

"ரெண்டும் மீனுதான லாத்தா?"

"அதத்தான் சொல்லுதேன்."

லாத்தா என்றால் அவர்கள் வீட்டுப் பேச்சில் அக்கா. வயதில் மூத்த நானும் அப்படித்தான் அழைத்தேன். பெயரை எழுதப்போவதில்லை. இப்போது அவர் நெல்லையில் இல்லை. எங்கே இருக்கிறார் என்பதையும் எழுதப்போவதில்லை.

ட்ரோன் பறக்கவிட்டு நிலம் அளப்பது அவர் தொழில். ஐம்பதைத் தொட்ட ஒரு பெண்மணி கறுப்பு புர்காவில், ஒரு கையில் குடையும் மறு கையில் மடக்கு நாற்காலியுமாக, இசக்கிமுத்துவின் ஆட்டோவிலிருந்து வயல்வெளியில் இறங்குவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன். பெருவெள்ளத்துக்கு அடுத்த தை மாதம் அது. ஆறு எந்தெந்தப் படித்துறையைப் பெயர்த்தது, எந்தக் கால்வாயின் தலைவாய் மண் மூடிப்போனது என்றெல்லாம் அப்போது குறித்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து படம் எடுத்தால்தான் முழுதாகத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் லாத்தா எனக்குப் பழக்கம்.

ட்ரோனைச் செய்த கம்பெனியே ஒரு ஆப் கொடுக்கிறது. அதை வைத்துக் கையால் ஓட்டலாம், அவ்வளவுதான். லாத்தாவின் வேலைக்கு அது போதாது. வெளிநாட்டில் எவரோ எழுதி விற்கும் வேறொரு ஆப்பை வாங்கி, சிம் இல்லாத பழைய போன் ஒன்றில் போட்டு வைத்திருந்தார். பறக்கிற நேரத்தில் யாராவது கூப்பிட்டுத் தொலைத்தால் ஆப் உறைந்துவிடும் என்று அந்த போனுக்குச் சிம்மே போடுவதில்லை. திரையில் மேப் வரும். விரலால் எல்லையை வரைந்தால், ஏர் உழுகிறவர் போய்த் திரும்புவது போல, அதற்குள் கோடு கோடாக அந்த ஆப் வழி போட்டுவிடும். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எங்கெங்கே படம், சிக்னல் அறுந்தால் என்ன செய்வது, முடிந்ததும் எங்கே திரும்புவது, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு பச்சைப் பொத்தானைத் தொட்டால் போதும். ட்ரோன் தானாக எழும்பும், போகும், வேலையை முடிக்கும், வந்து இறங்கும். லாத்தா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

யாரும் ஓட்டாமல் ஒரு பொருள் தலைக்கு மேல் போகிறது என்பது வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் கிலியாக இருக்கும். லாத்தாவுக்கு அந்தப் பயம் இல்லை. அவருடைய பயம் அதற்கு முந்தைய நிமிடத்தில் இருந்தது. பச்சைப் பொத்தானைத் தொடுமுன் திரையில் உள்ள ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிப்பார். பக்கத்தில் நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் 'பிஸ்மி' சொல்லி விரலை வைப்பார்.

"கலெக்டர் ஆபீஸ்லகூட ஒரு தடவதான் கேப்பான்" என்று இசக்கி முணுமுணுப்பான். "லாத்தாகிட்ட ஆட்டோ ஓட்ட வந்து நான் பெரிய படிப்பாளி ஆயிட்டேன் அண்ணாச்சி."

முதல் நாள் நான் கேட்டேன். "எல்லாம் திரையிலதான் இருக்கே. எதுக்கு வாய்விட்டுப் படிக்கிய?"

"இது சொன்ன பேச்சு கேக்காத சாமானா இருந்தா எனக்குப் பயம் இல்ல அண்ணாச்சி. வைவேன், தட்டுவேன், வேற வாங்குவேன். இது சொன்னதை அப்படியே செஞ்சிரும். அப்ப நாம என்ன சொன்னோம்னு நமக்குத் தெரியணும்லா?"

அந்தப் பயம் அவருக்கு ஒரு பனைமரத்தில் பிறந்தது. எனக்குப் பழக்கமாவதற்கு முந்தைய கதை, இசக்கி சொன்னது. ஏரலுக்கு மேற்கே ஒரு வாழைத்தோட்டம். முதல் நாள் குளத்துக் கரைமேல் நாற்காலியைப் போட்டு ட்ரோனை அனுப்பினார். பனைகளுக்கு மேலே நல்ல இடைவெளி விட்டுப் போய்வந்தது. பாதியில் காற்று எழுந்ததால் மீதியை மறுநாளைக்கு வைத்தார்கள். மறுநாள் கரையில் வெயில் தாங்கவில்லை என்று கீழே வயல் வரப்பில் நிழலில் உட்கார்ந்து, முந்தின நாள் போட்ட அதே வழியைத் திறந்து, அதே பொத்தானைத் தொட்டார். ட்ரோன் நேராகப் போய் ஒரு பனையின் கொண்டைக்குள் நுழைந்து நின்றது. உயரம் எப்போதும் புறப்பட்ட தரையிலிருந்துதான் கணக்கு. கரையின் உயரம் முழுக்கக் குறைந்துபோனது அவர் நினைவுக்கு வரவில்லை.

"பனையேறுத அண்ணாச்சியக் கூட்டி வந்தேன்" என்றான் இசக்கி. "அவரு மேல ஏறிப் பாத்துட்டு, 'ஏலே, இது முட்டை போடுமா, குட்டி போடுமா'ன்னு கேக்காரு. சுத்திக் காக்கா அத்தனையும் அவரு தலையில கொத்துது. லாத்தா கீழ நின்னு அழுதாவ."

"நான் அழுகல" என்றார் லாத்தா.

"சரி, கண்ணுல வேர்த்துச்சு."

லாத்தா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நேத்து கரையில நின்னு சொன்னேன். இன்னைக்கு வயல்ல நின்னு சொன்னேன். சொல்லு ஒன்னுதான். நின்ன எடம் வேறல்லா. மரத்துல போய் இடிச்சதோட போச்சு. அங்கன ஒரு பிள்ளை மரம் ஏறிக்கிட்டு இருந்திருந்தா?"

அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் வருவார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தை மேலிருந்து எடுக்க வேண்டும் என்பார்கள். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் தேர் இழுப்பதற்குக் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "மேப்புல கூட்டம் கிடையாது. நான் வரைஞ்ச பொறவுதான் கூட்டம் வரும்." அவர்கள் போன பிறகு இசக்கி தலையில் அடித்துக்கொள்வான். நல்ல வரும்படி. லாத்தாவுக்கு அது பொருட்டில்லை. மலையடிவாரத்தில் வேலை செய்யும்போது பாறை சிக்னலை மறைத்துத் திரை இருண்டுவிடும். அப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருப்பார். ட்ரோன் என்ன ஆகுமோ என்று பயப்படுவதாக முதலில் நினைத்தேன். ஒருமுறை கூர்ந்து கேட்டபோது அது இறைவனிடம் கேட்கும் துஆ இல்லை. காலையில் படித்த வரிகளைத்தான் முதலிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவுதியில் வேலை பார்த்த கணவரோடு போனில் பேசும்போதும் இதே கதைதான். "என்ன மாத்திரை, எப்பம் போடணும், சொல்லுங்க" என்பார். அங்கேயிருந்து அலுத்த குரலில் ஒவ்வொன்றாக வரும். "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று குறுக்கே கேட்பார். கல்யாணமான புதிதில் இவரும் அங்கேதான் இருந்தார். வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் யாருக்கோ சாலை வரைபடம் வரைந்து கொடுத்துப் பழகியவர். மேப் மீது விரல் ஓடும் லாவகம் அங்கே வந்தது. ஊரில் ஒரு பெண் ட்ரோன் வாங்கியதை ஜமாஅத்தில் சிலர் குறையாகப் பேசினார்கள் என்றும், அவர் அவர்களின் அடக்க இடமான கபரஸ்தானுக்கே எல்லை அளந்து கொடுத்து வாயை அடைத்தார் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். லாத்தாவிடம் கேட்டபோது, "அளந்தது உண்மை, அடைச்சது பொய்" என்றார்.

இனிச் சொல்லப்போவதை எழுத எனக்கு நெடுநாள் கை வரவில்லை.

ஆழ்வார்குறிச்சிக்குக் கிழக்கே உள்ளடங்கிய ஒரு ஊர். ஊரை ஒட்டிச் சிறிய குன்று ஒன்று. அதன் ஒரு சரிவில் பாதி அழிந்த கல்வெட்டு இருப்பதால் எனக்கு அது முன்பே தெரியும். மறுசரிவைக் குவாரிக்காரர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அனுமதித்த ஆழத்தைத் தாண்டிப் போய்விட்டது என்றும், கிணறுகள் வற்றிவிட்டன, வெடி வைக்கும்போது சுவர்கள் விரிகின்றன என்றும் ஊரார் மனு கொடுத்தார்கள். ஆழத்துக்கு ஆதாரம் கேட்டார்கள் அதிகாரிகள். குழிக்குள் யார் இறங்கி அளப்பது? சுற்றிலும் வேலி, வாசலில் ஆள். மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட விவசாயியை ஐப்பசி மாதம் ஒரு நாள் வாய்க்கால் பாலத்தில் மறித்து இரண்டு காலையும் அடித்து உடைத்தார்கள். யாரென்று எல்லோருக்கும் தெரியும். சொல்ல யாருமில்லை.

அந்த விவசாயி இசக்கியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர். அவர் மனைவி எஸ்தர். ட்ரோன் படங்களை ஒட்டிச் சேர்த்தால் குழியின் ஆழம் கணக்கில் வந்துவிடும் என்று இசக்கி அவர்களிடம் சொல்லியிருக்கிறான். லாத்தாவிடம் வந்து கேட்டான். பல நாள் கழித்து, "ஒரு தடவ அந்த ஊரைப் பாத்துட்டு வருவோம்" என்றார். நானும் போனேன். கட்டிலில் கிடந்த மனிதர், பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் பார்த்தார். எஸ்தர் அவர் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார். திரும்பி வந்து தன் வீட்டு வாசலில் இறங்கும்போது லாத்தா இசக்கியிடம், "வர்ற வியாழக்கிழமை காத்து எப்படி இருக்குன்னு பாரு" என்றார்.

மாசி மாதம், பிசான நெல்லின் அறுப்பு தொடங்கியிருந்தது. ஊரில் பாதிப் பேர் வயலில். எஸ்தர் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நாற்காலியைப் போட்டார் லாத்தா. குவாரிக்கும் வீட்டுக்கும் நடுவே வாழையும் பனையுமாக நல்ல தொலைவு இருந்தது. சத்தம் கேட்காது, ஆள் தெரியாது. எஸ்தர் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இங்கன இருந்துதான் போச்சுன்னு தெரிஞ்சிராதுல்லா? மறுபடி வந்தானுவன்னா அவரால எந்திரிச்சு ஓட முடியாது."

"தெரியாதும்மா" என்றார் லாத்தா. திரையை எஸ்தர் பக்கம் திருப்பினார். "நான் படிக்குதேன். நீ திருப்பிச் சொல்லு."

உயரம். எஸ்தர் சொன்னார். வேகம். சொன்னார். சிக்னல் போனால் வேலையைத் தொடர வேண்டும். சொன்னார். முடிந்ததும் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும்.

"முடிஞ்சதும் பொறப்பட்ட எடத்துக்கே திரும்பணும்" என்றார் எஸ்தர்.

லாத்தா தலையாட்டினார். இசக்கி தலையாட்டினான். நானும் ஆட்டினேன். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது.

ட்ரோன் எழும்பி வாழைகளுக்கு மேல் சிறு புள்ளியாகி மறைந்தது. குன்றைச் சுற்றியதும் திரை கறுத்தது. லாத்தா கண்ணை மூடினார். கீழே கட்டிலில் கிடந்தவர் இருமுவது கேட்டது. எங்கோ நெல் அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் போல் இருந்த சிறிது நேரத்துக்குப் பின் திரை விழித்தது.

செங்குத்தாகக் கீழே பார்க்கும் படம். அத்தனை பெரிய குழியை நான் எதிர்பார்க்கவில்லை. அடியில் பச்சைத் தண்ணீர். அதன் ஓரத்தில் பொம்மை லாரிகள். ட்ரோன் கோடு மாறாமல் ஒரு முனைக்குப் போவதும் மறு கோட்டில் திரும்புவதுமாக இருந்தது. லாரிக்குப் பக்கத்தில் சிலர் நின்றார்கள். முகங்கள் மேலே பார்த்தன. ஒருவர் கையை நீட்டினார்.

"பாத்துட்டானுவ" என்றான் இசக்கி.

"பாத்தா என்ன? கல்லெறிஞ்சா எட்டாது" என்றார் லாத்தா.

கடைசிக் கோடு முடிந்தது. ட்ரோன் நின்று, மூக்கைத் திருப்பி, எங்களை நோக்கிப் புறப்பட்டது. அப்போதுதான் திரையின் விளிம்பில் இரண்டு பைக்குகள் வந்தன. குவாரி வாசலைத் தாண்டி வண்டித்தடத்தில், ட்ரோனின் நிழலுக்குப் பின்னாலேயே வந்தன. ஓட்டுகிறவர்கள் பாதையைப் பார்த்தார்கள். பின்னால் உட்கார்ந்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

எஸ்தரின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாங்கள் நால்வரும் ஒப்புக்கொண்ட கடைசி வரியை ட்ரோன் பிழையில்லாமல் செய்துகொண்டிருந்தது.

லாத்தா நிறுத்தும் பொத்தானைத் தொட்டார். பாதி வழியில், வாழைத்தோட்டத்துக்கு மேல், ட்ரோன் அந்தரத்தில் நின்றது. கீழே பைக்குகளும் நின்றன. நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவன் வரப்பில் உட்கார்ந்தான். எதற்கும் அவசரப்படாத உட்கார்வு.

"நிக்கட்டும் லாத்தா, அவனுவ போற மட்டும் நிக்கட்டும்" என்றான் இசக்கி.

"நிக்காது. பேட்டரி கொறைஞ்சா என் பேச்சக் கேக்காது. கம்பெனிக்காரன் உள்ள எழுதி வச்சிருக்கான். நேரா இங்கதான் வரும்."

"அப்பம் வேற எங்கனயாவது இறக்குங்க. அந்தா, கோழிப்பண்ணை."

"காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தாருலா? வரும்போது பாத்தோமே."

"வாழைக்குள்ளயே போட்ருங்க."

"வாழை யாருது?"

"எங்க மச்சினருக்குள்ளது" என்றார் எஸ்தர், மூச்சே இல்லாமல்.

"குளத்துல?" என்றான் இசக்கி.

குளத்தில் தண்ணீர் வற்றிப் புல் முளைத்திருந்தது. உள்ளே கிடை போட்ட ஆடுகளும் ஆட்டுக்காரர்களும் மேப்பில் தெரியவில்லை, மாடியிலிருந்து தெரிந்தார்கள். லாத்தாவின் விரல் திரைக்கு மேலே அலைந்தது. எங்கே வைத்தாலும் அது யாரோ ஒருவருடைய இடம். அங்கே இருப்பவரிடம் போய், "நீதான் அனுப்பினாயா" என்று கேட்பார்கள்.

அவர் எழுந்தார். "இசக்கி, வண்டியை எடு. பனங்காட்டு வழியா மெயின் ரோட்டுக்குப் போ. பஸ் நிக்கிற எடத்துக்கு."

"எதுக்கு லாத்தா?"

"அது என்கிட்டதானே வரணும்."

எஸ்தர் அவர் கையைப் பிடித்தார். லாத்தா மெல்லப் பிடியை விடுவித்துக்கொண்டார். "நாங்க வரவே இல்ல. யாரு கேட்டாலும் அவ்வளவுதான். எனக்குப் போன் போடாத, வீட்டுக்கு வராத. என்னைய உனக்குத் தெரியாது. கேட்டியா?"

பேருந்து நிழற்குடையில் யாரும் இல்லை. நண்பகல் வெயிலில் தார் உருகிக் கிடந்தது. லாத்தா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். தன் ஆப்பை மூடினார். திரும்ப வேண்டிய இடத்தை நடுவழியில் மாற்ற அதில் வழியில்லை. கம்பெனி ஆப்பில்தான் உண்டு. அதைத் திறந்ததும் திரை வெறுமையானது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. இசக்கி தெரிந்த சாமிகளையெல்லாம் ஏசினான். பிறகு வாழைத்தோட்டமும் நான்கு தலைகளும் திரையில் வந்தன.

"திரும்ப வேண்டிய எடம், ரிமோட் இருக்குற எடம்" என்று படித்தார். என் முகத்தைப் பார்த்தார். "சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னேன். அவர் விரலை வைத்தார்.

முதலில் ட்ரோன் வந்தது. சாலையோர மண்ணில், அவருடைய செருப்புக்குக் கொஞ்ச தூரம் முன்னால், வழக்கமான பணிவோடு இறங்கி நின்றது. அதன் இறக்கைகள் ஓயுமுன் பைக்குகள் வந்துவிட்டன. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் இறங்கினான். முப்பது வயதிருக்கும். கோபமே இல்லாத முகம்.

"எங்கேருந்து வுட்ட?"

"இங்கன இருந்துதான்" என்றார் லாத்தா.

"பொய். அங்கன கொஞ்ச நேரம் நின்னுச்சு."

"காத்து. நானும் பயந்துட்டேன்."

"என்னலே, இங்கன இருந்துதானா?" என்று இசக்கியிடம் கேட்டான்.

"இங்கன இருந்துதான் அண்ணாச்சி. ரோட்டு வேலைக்குச் சர்வே" என்றான் இசக்கி. கன்னத்தில் அறை விழுந்தது. மறுபடி கேட்டார்கள். மறுபடி அதையே சொன்னான். மறுபடி அறை. அவன் ஒவ்வொரு முறையும் அதே சொற்களைச் சொன்னான்.

வெள்ளைச் சட்டைக்காரன் ட்ரோனை எடுத்து, படம் பதியும் அட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ட்ரோனைத் தரையில் வைத்து, நிதானமாக மிதித்தான். பழைய போனையும் வாங்கி மிதித்தான். பிறகு லாத்தாவின் முன்னால் குந்தினான்.

"உம் பேரு என்ன? எந்த ஊரு? எந்தத் தெரு?"

அவர் சொன்னார். மூன்றையும் உண்மையாகவே சொன்னார். அவன் அதை வாய்க்குள் உருட்டி, அவருக்குக் கேட்கும்படி திருப்பிச் சொன்னான். பேர், மேலப்பாளையம், இரண்டாம் தெரு.

"மூணாந் தெரு" என்று லாத்தா திருத்தினார்.

அவன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தான். "மூணாந் தெரு" என்றான். போய்விட்டார்கள்.

திரும்பும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "அவன் தப்பா சொன்னா சொல்லிட்டுப் போறான். நீங்க எதுக்குத் திருத்துனிய?"

"ரெண்டாந் தெருவுல என் பேருலயே ஒருத்தி இருக்கா அண்ணாச்சி" என்றார். "சின்னப் பிள்ளைக்காரி."

பங்குனி முழுவதும் ஒரு பைக் அந்தத் தெரு முனையில் வந்து நின்றது. தினமும் இல்லை. எப்போது என்று தெரியாமல் வரும். ஒருவன் இறங்கமாட்டான், வண்டியை அணைக்காமல் நிற்பான், போவான். லாத்தா தெருப்பக்கச் சன்னலை அடைத்தார். வாசலில் செருப்பை விடுவதை நிறுத்தினார். கதவைத் தட்டினால் மூன்று முறை யாரென்று கேட்ட பிறகே தாழ்ப்பாள் அசையும். மீன்காரியின் கூடைச் சத்தத்துக்கே உள்ளே ஏதோ பாத்திரம் விழும். போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று சொன்னேன். "எங்கேருந்து பறந்துச்சுன்னு அவங்களும் கேப்பாங்கலா?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எஸ்தர் ஒருமுறை இசக்கியைப் பார்த்து, லாத்தாவை வந்து பார்க்க வேண்டும் என்று அழுதிருக்கிறார். லாத்தா சொல்லி அனுப்பினார்: "வந்தா நான் செஞ்சதெல்லாம் வீணு."

குவாரி நிற்கவில்லை. கல்வெட்டு இருந்த சரிவை நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை என்று எழுதுவதே சரி.

ஆனி மாதம், அவர் ஊரைவிட்டுப் போவது முடிவான பிறகு, பெட்டி வாங்கப் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு வந்தார். நானும் கூடப் போனேன். மாசிக்குப் பின் அவர் வெளியே வந்தது அன்றுதான். கூட்டத்தில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது. காய்கறிக் கடைகளின் சந்தில் திரும்பியபோது எதிரே எஸ்தர் வந்தார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டார்கள். எஸ்தரின் கால் நின்றது. லாத்தா நிற்கவில்லை. பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கத்தரிக்காய்க் குவியலைப் பார்த்தபடி, அவரை உரசுகிற நெருக்கத்தில் கடந்துபோனார். எஸ்தர் தரையைப் பார்த்தார். பிறகு அவரும் நடந்தார். அவருக்குக் கொஞ்சம் பின்னால், கைக்கம்பை ஊன்றி, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்துக்கொண்டு அவர் கணவர் வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. வழிவிடச் சொல்லி யாரோ அதட்ட, ஓரமாக ஒதுங்கி நின்று, மறுபடி நடந்தார்.

சந்து முனையில் இசக்கி ஆட்டோவோடு காத்திருந்தான். லாத்தா ஏறி உட்கார்ந்து, பக்கத்துத் திரையை இழுத்துவிட்டார். ஆட்டோ மெயின் ரோட்டுக்கு வந்தது.

"அண்ணாச்சி" என்றார் பிறகு. "அவரு நடக்காருலா."